கையில 6 லட்சம் இருந்தா, 5 லட்சத்துக்குக் கார் பாருங்க

ஓட்டுற சந்தோஷத்துக்காகவே ஒரு பழைய ஸ்போர்ட்டி கார் வேணும்னா, "அது வேஸ்ட், எஸ்ஐபி போடு"ன்னு நான் சொல்லப் போறதில்லை. சம்பாதிக்கிறோம், ஆசை இருக்கு. ஆனா குதிரைத்திறனை மட்டும் பார்த்து மயங்காதீங்க. கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவுல 300 குதிரைத்திறனை எங்க பயன்படுத்துவீங்க? எடை குறைவான ஹேட்ச்பேக், சின்ன டர்போ பெட்ரோல் என்ஜின், மேனுவல் கியர். இது போதும்.

நம்ம மார்க்கெட்ல எல்லாரும் தேடுறது போலோ. 2013ல வந்த ஜிடி டிஎஸ்ஐ-யில 1.2 லிட்டர் என்ஜின், 7 கியர் டிஎஸ்ஜி. ஓட்ட அருமையா இருக்கும். ஆனா அது டிரை கிளட்ச். நகர ட்ராஃபிக்ல ஊர்ந்தே ஓடின வண்டின்னா கிளட்ச் தேய்ஞ்சிருக்கும். மெக்கட்ரானிக் யூனிட் போச்சுன்னா செலவு லட்சத்தைத் தாண்டலாம். என் ஓட்டு 2020ல வந்த 1.0 டிஎஸ்ஐ மேனுவலுக்கு: 110 பிஎஸ், 6 கியர். 2022ல போலோ தயாரிப்பு நின்னாலும், அதே குடும்பத்து என்ஜின் டைகுன், ஸ்லாவியாவுல இன்னும் ஓடுது. பட்ஜெட் குறைவா? 2017ல வந்த பலேனோ ஆர்எஸ் பாருங்க. 102 பிஎஸ், மாருதி சர்வீஸ். 145 பிஎஸ் அபார்த் புன்டோ மேல எனக்கும் ஒரு கண்ணுதான். ஆனா ஃபியட் இப்போ இங்க கார் விக்கிறதில்லை. பார்ட்ஸுக்கு அலைய நேரம் இருக்கிறவங்க வாங்கட்டும்.

இப்போ கணக்கு. 5 லட்சம் காருக்கு 2 லட்சம் கட்டி, மீதி 3 லட்சத்துக்கு 14 சதவீத வட்டியில 3 வருஷ லோன் போட்டா, இஎம்ஐ சுமார் 10,250. வட்டி மட்டுமே 69,000 கிட்ட. மீதி இருக்கிற 1 லட்சத்தைத் தொடாதீங்க. டயர், கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ்னு முதல் வருஷமே கேக்கும். அந்த ஒரு லட்சம் இல்லாதவங்கதான் பர்சனல் லோன் எடுத்து ரிப்பேர் பண்றாங்க.

ரீமேப் பண்ணின வண்டியா இருந்தா நான் விலகிடுவேன். விக்கிறவர் சொல்லாமலும் விடலாம். நாலாவது கியர்ல மெதுவா போய் ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிங்க. ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது. என்ஜின் குளிர்ந்து இருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. டயர் ஓரத்துல கடைசி நாலு எண் 2321ன்னா, 2021ஓட 23வது வாரத்துல செஞ்சது. பழைய டயரா இருந்தா அதைச் சொல்லியே விலையைக் குறைங்க.

பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஆர்சியில பேங்க் லோன் பாக்கி இருக்கான்னு பாருங்க. வாங்கின 14 நாளுக்குள்ள இன்ஷூரன்ஸையும் உங்க பேருக்கு மாத்த விண்ணப்பிங்க. இல்லேன்னா உங்க கார் அடிபட்டா க்ளெய்ம் மறுக்கப்படலாம். பழைய ஓனரோட நோ க்ளெய்ம் போனஸ் அவரோடவே போயிடும், அதனால பிரீமியம் கொஞ்சம் ஏறும். அதையும் பேரத்துல சேர்த்துப் பேசுங்க.