மாரித் தண்ணீரை மறித்து வைப்போம்

திருக்கேதீஸ்வரக் கோயிலை அண்டி இருக்கிறது பாலாவி. சம்பந்தரும் சுந்தரரும் தேவாரத்தில் பாடிய தீர்த்தம் அது. அப்பால் கட்டுக்கரைக் குளம். அருவியாற்றைத் தேக்கம் அணைக்கட்டில் மறித்து, வாய்க்கால் வழியே கொண்டுவந்து அதை நிரப்புகிறார்கள். குளம் இல்லாமல் மன்னாரில் கமம் இல்லை என்பதை முன்னோர் அறிந்திருந்தார்கள்.

எங்கள் மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையில் பெய்து முடிந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வெயிலும் காற்றும்தான். இடம்பெயர்ந்து திரும்பிவந்து, குடும்பத்தைத் தனியே சுமக்கும் சகோதரிகள் கோடையில் தண்ணீருக்காக நடப்பதை எனது வேலையில் காண்கிறேன். வளவில் ஒரு சிறு குளம் இருந்தால், மரக்கறித் தோட்டத்துக்கும் ஆடு மாட்டுக்கும் சில மாதங்களுக்காவது உதவும்.

களிமண் உள்ள பள்ளமான இடத்தைத் தெரிவு செய்யுங்கள். மணலில் தண்ணீர் நில்லாது. கரையோரத்தில் ஆழமாக வெட்டாதீர்கள். நல்ல தண்ணீருக்குக் கீழே உவர்நீர் இருக்கிறது. ஒரு பக்கத்தைச் சரிவாக விடுங்கள். தவறி விழும் பிள்ளை ஏறி வரலாம், கொக்கும் நாரையும் இறங்கி மேயலாம். ஆனாலும் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் வேலி கட்டாயம் வேண்டும். மழைநீர் நுழையும் வாயிலில் புல் வளர்ந்தால் வண்டல் அங்கேயே தங்கும். காற்று வரும் பக்கத்தில் மரம் நின்றால் தண்ணீர் வற்றுவது குறையும். உள்ளூர்ச் சிறுமீன்கள் நுளம்புக் குடம்பிகளைத் தின்னும். கிருமிநாசினி தெளிக்கும் கருவியை அதில் கழுவாதீர்கள்.

அருகிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010இல் றாம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பூநாரையும் ஊசிவால் வாத்தும் வரும் இடம் அது. எங்கள் சிறு குளங்களும் நீர்ப்பறவைகளுக்குத் துணையாகும்.

மண்வெட்டியை எடுக்கும் முன் மூன்று விடயங்கள். வயல் நிலமானால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இருக்கிறது. முதலில் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள். அந்த இடத்தில் கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துங்கள். மூன்றாவது, சொல்லக் கடினமானது. 2013 டிசம்பரில் திருக்கேதீஸ்வரத்தில் நீர்க்குழாய் பதிக்க வெட்டியபோதுதான் மனித எலும்புகள் வெளிப்பட்டன. பின்னர் 80க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அப்படி எதையும் கண்டால் தொடாதீர்கள், மூடாதீர்கள். வேலையை நிறுத்தி, சாட்சிக்கு இருவரை வைத்துக்கொண்டு, கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள். பிள்ளையைத் தேடும் ஒரு தாய்க்கு அந்த மண்தான் சாட்சி.

தனியே வெட்டினால் பல நாள் பிடிக்கும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பேசி, முறை வைத்து ஒருவர் வளவில் மற்றவர் வெட்டலாம். ஆவணி, புரட்டாதியில் நிலம் காய்ந்திருக்கும்போதே தொடங்கினால், வரும் மாரி உங்கள் குளத்தில் நிற்கும்.