கச்சான் வெக்கையும் காலநிலை மாற்றமும்
மாணவர்களே, மட்டக்களப்பில் வெப்பநிலை உயர்ந்து வருவதற்குச் சான்று கேட்டால், உங்களில் பலர் ஆனி, ஆடி மாத வெக்கையை எழுதிவிடுகிறீர்கள். அது சான்றாகாது. அது கச்சான் காற்றின் வேலை. தென்மேல் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சாய்வில் மழையைக் கொட்டிவிடும். பின்னர் கிழக்குச் சாய்வில் இறங்கும்போது அமுக்கப்பட்டுச் சூடாகி, உலர்ந்த காற்றாக வாவிக்கரையை அடையும். உங்கள் பாட்டனார் காலத்திலும் அது இப்படித்தான் வீசியது.

காலநிலை மாற்றத்தைக் காட்ட நீண்டகாலச் சராசரி வேண்டும். பொதுவாக 30 ஆண்டுகளை எடுப்பர். 1961 முதல் 1990 வரை இலங்கையின் சராசரி வெப்பநிலை ஆண்டுக்கு ஏறத்தாழ 0.016 பாகை செல்சியஸ் வீதம் உயர்ந்தது. சின்ன எண்தானே என்று தள்ளிவிடாதீர்கள். 30 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 0.48 பாகை, ஏறத்தாழ அரைப் பாகை!

இரவின் இழிவு வெப்பநிலையையும் மறக்க வேண்டாம். பகலில் சூடான தரை இரவில் வெப்பத்தை வெளிவிடும். காபனீரொட்சைட்டு முதலான பச்சைவீட்டு வாயுக்கள் அதில் ஒரு பகுதியை உறிஞ்சி மீண்டும் தரைக்கே அனுப்புகின்றன. எனவே இவ்வாயுக்கள் கூடும்போது இரவுகளும் வெப்பமாகின்றன. கச்சான் வீசாத மார்கழி, தை மாதங்களின் இழிவு வெப்பநிலையைப் பல ஆண்டுகளுக்கு ஒப்பிட்டு எழுதினால் உங்கள் விடை வலுப்பெறும்.