காகிதக் கோப்பிலிருந்து மின்கோப்புக்கு: ஸ்காபரோவும் சென்னையும் காட்டும் படிப்பினைகள்

முன்னுரை

பெரிய நிறுவனம் ஒன்று தன் ஆவணங்களைக் காகிதத்திலிருந்து மின்வடிவத்துக்கு மாற்ற முற்படுகையில், முதலில் எழுவன கருவி பற்றிய வினாக்களே. எத்தனை வருடிகள் தேவை, எந்த மென்பொருள் ஏற்றது, எவ்வளவு சேமிப்பிடம் வேண்டும் என்பவை அவற்றுள் சில. தாளைப் படமெடுப்பதற்கு இவ்வினாக்கள் போதும். ஆனால் அலுவலகத்தில் ஒரு தாள் தனித்து நிற்பதில்லை. அது எந்தக் கடிதத்துக்கு விடையாக எழுந்தது, எந்தக் குறிப்பின்மேல் ஒப்புதல் பெற்றது, எவ்வளவு காலம் காக்கப்பட வேண்டியது, யாருடைய கையொப்பத்தால் வலிமை பெற்றது ஆகிய உறவுகளே அதனை ஆவணமாக்குகின்றன. இவ்வுறவுகள் உடன்பெயராவிடின் எஞ்சுவது படக்குவியல் மட்டுமே.

தமிழில் இயங்கும் அலுவலகங்களுக்கு இவற்றோடு எழுத்துக்குறியீடு, பெயர்வழக்கு என இரு சிக்கல்கள் மேலும் உண்டு. இவற்றைத் தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களையும் கனடாவின் ஸ்காபரோவையும் சான்றாகக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஒரு நகராட்சி மறைந்தபின்

ரேமண்ட் மோரியாமா வடிவமைத்த ஸ்காபரோ நகராட்சி மையம் 1973இல் திறக்கப்பட்டது. அதன்பின் கால் நூற்றாண்டு கழித்து, 1998 சனவரி 1ஆம் நாள், ஸ்காபரோ தனி நகராட்சியாக இயங்குவதை நிறுத்தியது. ஸ்காபரோ, வட யார்க், எட்டோபிகோ, யார்க், கிழக்கு யார்க், பழைய டொரொன்டோ என்னும் ஆறு நகராட்சிகளும், அவற்றுக்கு மேலமைந்திருந்த பெருநகர ஆட்சியும் இணைக்கப்பட்டுப் புதிய டொரொன்டோ மாநகராட்சி உருவாயிற்று.

அமைப்பு மறைந்தாலும் அதன் கடப்பாடுகள் மறைவதில்லை. ஒரு வீட்டுக்கு முன்னர் வழங்கப்பட்ட கட்டட அனுமதி, ஒரு தெருவின் வடிகால் வரைபடம், ஒரு மன்றத் தீர்மானம் ஆகியவை புதிய ஆட்சியின் பொறுப்பாயின. வெவ்வேறு ஆட்சிகளில் வெவ்வேறு முறையில் தோன்றிய ஆவணங்களை ஒரே குடைக்குக்கீழ் கொண்டுவர, பொதுவான வகைப்பாடும் காப்புக்கால அட்டவணையும் முதலில் வேண்டியிருந்தன. இன்று மாநகராட்சியின் ஆவணங்களை எவ்வளவு காலம் காப்பது, எப்போது அழிப்பது என்பதை நகரச் சட்டத்தொகுப்பின் 217ஆம் அத்தியாயம் வரையறுக்கிறது. நிலையான மதிப்புடையவை ஸ்பதினா சாலையிலுள்ள நகர ஆவணக்காப்பகத்துக்குச் செல்கின்றன. எதைக் காப்பது, எந்தப் பெயரில் காப்பது, யார் பொறுப்பில் காப்பது என்பன தீர்ந்த பின்னரே மின்மயமாக்கம் பயன்தரும் என்பதற்கு இது நல்ல சான்று. வகைப்படுத்தப்படாத அறையொன்றை வருடிக்குள் செலுத்தினால், அதே ஒழுங்கின்மை வட்டகத்தில் குடியேறும்.

2. கச்சேரி வளர்த்த கோப்புமுறை

தமிழகத்தில் இத்தகைய ஒழுங்கு நெடுங்காலத்துக்கு முன்பே அமைந்திருந்தது. டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்து வரலாற்றறிஞர் பவானி ராமன் 2012இல் வெளியிட்ட ‘டாக்குமென்ட் ராஜ்’ என்னும் நூல், கும்பினி ஆட்சிக்காலச் சென்னை மாகாணத்துக் கச்சேரிகளையும் அங்குப் பணியாற்றிய எழுத்தர்களையும் ஆராய்கிறது. தொலைவிலிருந்து ஆண்டவர்கள் நேரில் காணாதவற்றை எழுத்தின் வாயிலாக நம்ப வேண்டியிருந்தது. அதனால் சான்றொப்பமும் பதிவும் ஆட்சியின் அடித்தளமாயின. கள்ள ஆவணம் பற்றிய அச்சமும் கூடவே வளர்ந்தது. ‘கச்சேரி’ என்னும் சொல் இன்று தமிழ்நாட்டில் பெரிதும் இசையரங்கைக் குறிக்க, யாழ்ப்பாணத்தில் மாவட்டச் செயலகத்தை அப்பெயரால் சுட்டும் வழக்கு இன்னும் உயிர்ப்புடன் இருக்கிறது.

பின்னர் ஆங்கில ஆட்சிப்பணி அலுவலர் டாட்டன்ஹாமின் பெயரால் வழங்கும் அலுவலக நடைமுறை, மாவட்ட அலுவலகங்களின் அன்றாட இயக்கத்தை வரையறுத்தது. வரும் கடிதம் பகிர்மானப் பதிவேட்டில் எண் பெறும்; உரிய எழுத்தரின் தன்பதிவேட்டில் ஏறும்; அதன்மேல் எழுதப்படும் குறிப்பு ஒருபுறமும், கடிதப்போக்குவரத்து மறுபுறமும் தொடரும். முடிவு எடுக்கப்பட்டதும், நிலையாகக் காக்கப்பட வேண்டியதா, பத்தாண்டுக்கா, மூன்றாண்டுக்கா, ஓராண்டுக்கா என்பது கோப்பின்மீதே குறிக்கப்படும். அரசுக் கடிதத்தின் தலைப்பிலுள்ள ‘ந.க.’ எண், ‘பொருள்’, ‘பார்வை’ என்னும் பகுதிகள், படியின் அடியில் காணப்படும் ‘ஒம்/-’ என்னும் குறி ஆகிய ஒவ்வொன்றும் ஓர் உறவைச் சுட்டுகிறது. ‘பார்வை’யில் குறிக்கப்பட்ட எண்களைப் பின்தொடர்ந்தால் ஒரு முடிவு பிறந்த வழியைத் தொடக்கம்வரை காணலாம். பிற்காலத்தார் ‘மீத்தரவு’ எனப் பெயரிட்டதைச் சிவப்பு நாடாவால் கட்டிய அக்கோப்பு தன்னகத்தே கொண்டிருந்தது.

3. மின்கோப்பில் தொடரும் பச்சைத்தாள்

இந்தியாவின் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ‘மின் அலுவலகம்’ என்னும் மென்பொருள், தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களிலும் பயன்பாட்டுக்கு வந்துள்ளது. அதன் வடிவமைப்பு கருதத்தக்கது. காகிதக் கோப்பில் குறிப்பு எழுதப் பயன்பட்ட பச்சைத்தாள், திரையிலும் பச்சை நிறத்திலேயே தோன்றுகிறது. அலுவலர் வரைவாக எழுதுவது மஞ்சள் குறிப்பு. அதனைத் திருத்தலாம், நீக்கலாம். உறுதிசெய்யப்பட்ட பச்சைக் குறிப்பை, கோப்பு மேல்நகர்ந்தபின் மாற்ற இயலாது. மைப்பேனாவால் எழுதியதை அழிக்கலாகாது என்னும் பழைய நெறியே இங்கு மென்பொருளின் விதியாக மாறியுள்ளது.

பழைய வடிவத்தை நகலெடுப்பது புதுமைக்குத் தடை என்பாரும் உளர். அவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஒரே கோப்பைப் பலர் ஒருங்கே காணும் வாய்ப்பு மின்வடிவத்துக்கு உண்டாயினும், மேசைக்கு மேசை நகரும் பழைய வரிசை அதனைக் கட்டுப்படுத்துகிறது. எனினும் பல்லாயிரம் பணியாளர் கொண்ட அமைப்பில் பழகிய ஒழுங்கு ஒரு மூலதனமாகும். தன்பதிவேட்டை அறிந்த உதவியாளர், திரையில் நிலுவைப் பட்டியலைக் கண்டதும் அதன் பொருளை உணர்கிறார். பெயர்ப்பு தடுமாறுவது பெரும்பாலும் வேறிடத்தில்: மின்கோப்பை அச்சிட்டுக் கையொப்பம் பெற்று, மீண்டும் வருடிப் பதிவேற்றும் இரட்டைநிலை நீடிக்கும்போது. அந்நிலையில் எது மூலம், எது படி என்பதே ஐயத்துக்கு உள்ளாகிறது. இன்ன நாள் முதல் மின்வடிவே மூலம் என்னும் தெளிவான ஆணையால்தான் அவ்வையம் நீங்கும்.

4. எழுத்துக்குறியீடு என்னும் தனித்தடை

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை அலுவலக மொழியாக்கியது. தட்டச்சுப்பொறியில் எழுந்த தமிழ்க்கடிதம் எந்தக் கண்ணுக்கும் ஒன்றே. கணினி வந்தபோது அவ்வொருமை குலைந்தது. 1990களில் ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்கெனத் தனிக்குறியீடு அமைத்தது. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் ‘பாமினி’ பரவியது. தமிழக அலுவலகங்களில் ‘வானவில்’ போன்றவை வழங்கின. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் தோன்றுவது பொருளற்ற இலத்தீன் எழுத்துக்கோவையே. மேலும் ‘கொ’ என்னும் எழுத்து அம்முறைகளில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாகச் சேமிக்கப்பட்டது. ஒருங்குறியிலோ ககரமும் அதனைத் தொடரும் உயிர்க்குறியுமாக ஒலிவரிசையில் அமைகிறது. ஆகவே மாற்றத்துக்குக் குறியெண்களை ஒன்றுக்கொன்று பதிலிடுவது போதாது. வரிசையையும் திருத்த வேண்டும்.

1999இல் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாடு ‘தாம்’, ‘தாப்’ என்னும் தரங்களையும் ‘தமிழ் 99’ விசைப்பலகையையும் தந்தது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் ‘தாசு 16’ஐயும் ஏற்று ஆணையிட்டது. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்ததை எண்ணின், இடைப்பட்ட காலத்தின் இழப்பு விளங்கும். அவ்விரு பத்தாண்டுகளில் கணினியில் பிறந்த கோப்புகளே இன்று மிகவும் நலிந்தவை. நூற்றாண்டு கடந்த கைப்படியை இன்றும் படிக்கலாம். 1996இல் நெகிழ்வட்டில் சேமித்த சுற்றறிக்கையைப் படிக்க வட்டு இயக்கி, சொற்செயலி, எழுத்துரு, மாற்றி ஆகிய நான்கும் வேண்டும். 2017 ஆகஸ்டில் உலகத் தமிழ் இணைய மாநாடு கூடிய ஸ்காபரோவுக்கும் இது அயலான சிக்கலன்று. புலம்பெயர் சங்கங்களின் அழைப்பிதழ்களும் கூட்டக்குறிப்புகளும் இதே எழுத்துருக்களில் உறங்குகின்றன.

5. பெயர்களும் தேடலும்

காகிதக் கோப்பை அறிந்த எழுத்தர் பெயரில் சிறு வேறுபாடு கண்டாலும் ஆளை இனங்கண்டார். கணினி அவ்வாறு செய்யாது. ‘ஸ்ரீ’ என்னும் எழுத்து ஒருங்குறியில் இருவகையாகச் சேமிக்கப்படலாம்: ஸகரத்தோடு தொடங்குவது ஒன்று, 2005இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தோடு தொடங்குவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே, தேடலில் வெவ்வேறு. ‘கௌ’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டுவதும், காலுக்குப் பதிலாக ரகரத்தை இடுவதும் இத்தகையனவே.

தலைப்பெழுத்து இன்னொரு சிக்கல். ‘சு. கந்தசாமி’, ‘எஸ். கந்தசாமி’ என இரண்டும் ஒருவரையே குறிக்கலாம். பட்டியலில் அவர் இருவராவார். ஸ்காபரோவில் இது மேலும் விரிகிறது. முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்கள் கொண்ட கனடியப் படிவத்தில், தந்தையின் பெயர் குடும்பப்பெயராகிறது. அடுத்த தலைமுறையில் பாட்டனின் பெயரே குடும்பப்பெயராக நிலைக்கிறது. இலங்கைப் பிறப்புச் சான்றிதழையும் கனடியக் குடிமைப் பதிவையும் இணைக்க முற்படும் முதியவருக்கு, இவ்வேறுபாடு ஓய்வூதியத்தையோ உரிமைவழிச் சொத்தையோ தாமதிக்கச் செய்யும் தடையாகலாம். ஆகவே ஆவண மேலாண்மை அமைப்பில் பெயரை எழுதியவாறே காக்கும் புலம் ஒன்றும், மாற்றுவடிவங்களை இணைக்கும் புலம் ஒன்றும் தனித்தனியே இருத்தல் இன்றியமையாதது.

6. சான்றுவலிமை

மின்னாவணத்தைச் சட்டம் எவ்வாறு நோக்குகிறது என்பதும் பெயர்ப்பின் போக்கை முடிவுசெய்கிறது. கனடாச் சாட்சியச் சட்டத்தின் 31.1 முதல் 31.8 வரையான பிரிவுகள், தனித்த மூலப்படியை வற்புறுத்தாமல் அதனைச் சேமித்த அமைப்பின் நம்பகத்தன்மையை நோக்குகின்றன. இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னாவணத்துக்கு ஏற்பளித்தது; சாட்சியச் சட்டத்தின் 65ஆ பிரிவு வேண்டிய சான்றிதழ்முறை, 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் 63ஆம் பிரிவாகத் தொடர்கிறது. இலங்கையின் 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டமோ, இறுதி விருப்பாவணத்தையும் அசையா ஆதன விற்பனை ஒப்பந்தத்தையும் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியுள்ளது.

இதன் நடைமுறைப் பொருள் வெளிப்படை. வடமராட்சியிலுள்ள காணிக்குரிய உறுதியை ஸ்காபரோவில் வைத்திருக்கும் குடும்பத்துக்கு, அதன் வருடிய படம் தேடலுக்கு உதவும். தாளின் இடத்தை நிரப்பாது. வருடியபின் மூலத்தை அழிக்கலாம் என்னும் விதியை எல்லா வகைக்கும் பொதுவாக்கும் நிறுவனம், தன் மக்களின் உரிமைச்சான்றையே அழித்துவிடக்கூடும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே படி இருப்பதன் இடரை அந்நிகழ்வு உணர்த்தியது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிமத் திட்டம் ஈழத்து எழுத்தாவணங்களைப் பலரும் அணுகத் திறந்தது. ஒரே சேவையகத்தில் மட்டும் வாழும் மின்கோப்புக்கும் அதே இடர் உண்டு.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன வருமாறு: வகைப்பாடும் காப்புக்காலமும் வரையறுக்கப்பட்ட பின்னரே மின்மயமாக்கம் தொடங்குதல் வேண்டும். ஒவ்வொரு ஆவணமும் தன் எண், பார்வை, குறிப்பு, ஒப்பம் ஆகியவற்றோடு சேர்ந்தே பெயர்தல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்காலத்து எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் பணி, தாள்களை வருடும் பணிக்கும் முற்பட்டது. தாள் காத்திருக்கும், நெகிழ்வட்டு காத்திராது. மாற்றிய கோப்போடு மாற்றப்படாத மூலக்கோப்பும் காக்கப்படுதல் வேண்டும். தமிழ்ப்பெயர் வழக்குக்கு இடந்தரும் புலங்கள் வடிவமைப்பிலேயே அமைதல் வேண்டும்.

கச்சேரி எழுத்தர் கோப்பைக் கட்டியது அன்றைய ஆட்சியின் தேவைக்காகவே. ஆயினும் அவர் பேணிய ஒழுங்கால் இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் ஓர் எளிய உழவரின் விண்ணப்பத்தையும் அதற்குக் கிடைத்த விடையையும் அடுத்தடுத்துப் படிக்க முடிகிறது. இன்றைய மின்கோப்புகளும் நாளை அவ்வாறு படிக்கப்படுமா என்பதை, அவற்றை அமைப்போர் இன்று எடுக்கும் முடிவுகளே தீர்மானிக்கும்.