ஒரு கறுப்புத் தழும்பு சொல்லும் சேதி

திருப்பதி என்றதும் நமக்கெல்லாம் ஏழுமலையான்தான் நினைவுக்கு வருவார். அதே ஊர் மருத்துவர்களுக்கும் பங்குள்ள ஓர் ஆராய்ச்சி பல உயிர்களைத் தொடும் விஷயம் என்பதால், அதை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மழைக்குப்பின் வயலுக்கும் புதர்க்காட்டுக்கும் போய்வந்தவருக்கு ஒரு வாரமாய் விடாத காய்ச்சல், தலைவலி. பிறகு மூச்சுத் திணறல். மலேரியா இல்லை, டெங்குவும் இல்லை. பென்சிலின் வகை மருந்துகளுக்குக் காய்ச்சல் மசியவில்லை. அனுபவமுள்ள மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்கிறார். அக்குளில், சிகரெட்டால் சுட்டதுபோல், வலியே இல்லாத ஒரு கறுப்புப் பொருக்கு!

இதுதான் 'ஸ்க்ரப் டைபஸ்'. நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். புதர்களில் வாழும் மிகச் சிறிய பூச்சியின் குஞ்சு கடிப்பதால் 'ஓரியன்ஷியா' என்னும் கிருமி உடலில் புகுகிறது. கடித்த இடமே அந்தத் தழும்பு. எல்லோருக்கும் அது தென்படுவதில்லை. அக்குள், தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில் இருப்பதால் தேடினால்தான் கிடைக்கும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

மருந்தோ பழையது, விலை மலிந்தது: டாக்ஸிசைக்ளின். அசித்ரோமைசினும் கேட்கும். ஆனால் நோய் முற்றியவர்களுக்கு எது மேல்? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தலைமையில், திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ நிறுவனம், புதுச்சேரி ஜிப்மர் உள்ளிட்ட 7 மருத்துவமனைகள் சுமார் 800 நோயாளிகளிடம் இதைச் சோதித்தன. முடிவுகள் 2023இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்தன. மரணம், ஏழாம் நாளிலும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள், தனி மருந்து பெற்றோரில் 47, 48 சதவீதம். இரண்டையும் சேர்த்து நரம்பு வழியே பெற்றோரில் 33 சதவீதம்தான். மரண எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. ஆகவே, நோயை முற்றவிடாமல் ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதுதான் முக்கியம்.

விடுமுறைக்கு ஊருக்குப் போய்வரும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. கடித்து ஆறு முதல் பத்து நாள், சில சமயம் மூன்று வாரம் கழித்தும் காய்ச்சல் தொடங்கலாம். அதற்குள் நாம் இங்கே திரும்பியிருப்போம். இங்குள்ள மருத்துவருக்கு இந்த நோய் சட்டென்று தோன்றாது. எனவே எந்த ஊருக்குப் போனோம், எந்தத் தோட்டத்தில் நடந்தோம் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிடுவோம். கூச்சப்படாமல் உடம்பையும் ஒருமுறை முழுதாகப் பார்க்கச் சொல்வோம்.