விலை கூடிய ஹெட்போன் தேவைதானா?



திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கும்போது நம் மக்கள் கேட்கும் கேள்விகள் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. ஒரு காலத்தில் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கலாமா என்று கேட்டார்கள். இப்போது வரும் கேள்வி வேறு. "சாமி, என்னிடம் இருப்பது ஆயிரம் ரூபாய் ஹெட்போன். எட்டாயிரத்தில் நல்லது ஒன்று வருகிறதாம். வீட்டில் பாட்டுக் கேட்கத்தான். வாங்கலாமா?" பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் தம்பியும் கேட்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியரும் கேட்கிறார். எட்டாயிரம் என்பது நம் பகுதியில் கரும்பு வெட்டப் போகும் ஒருவருக்குப் பல நாள் கூலி. ஆகவே "உங்கள் விருப்பம்" என்று சொல்லி நகர்ந்துவிடக்கூடிய கேள்வி அல்ல இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நல்ல இசையை நன்றாகக் கேட்க ஆசைப்படுவது ஆடம்பரம் அல்ல. நம் திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். அவரைப் பெற்ற தாயின் பெயரே இசைஞானியார்! இசையை அறிவாக மதித்த மண்ணில் இருந்துகொண்டு, பாட்டுக் கேட்பது வீண் வேலை என்று நான் சொன்னால் யார் ஏற்பார்கள்?

நம் காலத்தின் இசைஞானியையே எடுத்துக்கொள்வோம். 2005ஆம் ஆண்டு இளையராஜா மாணிக்கவாசகரின் திருவாசகத்திலிருந்து ஆறு பகுதிகளுக்கு இசையமைத்து வெளியிட்டார். ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. அதைத் தயாரித்து வெளியிட்டது தமிழ் மையம். அதை நடத்தியவர் கத்தோலிக்கக் குருவான தந்தை ஜெகத் கஸ்பார். சைவத் திருமுறை ஒன்று ஒரு குருவின் முயற்சியால் குறுந்தகடாக வந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அதில் 'பொல்லா வினையேன்' என்ற பகுதி மட்டும் ஏறக்குறைய 20 நிமிடம் ஓடுகிறது. தனிக்குரல் வருகிறது, வயலின்கள் வருகின்றன, கூட்டுப் பாடகர் குழு எழுகிறது. கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் கேட்டால் இவை எல்லாம் ஒரே குவியலாகத்தான் காதில் விழும். ஓரளவு நல்ல ஹெட்போனில் கேட்டால் எது எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறியலாம். வித்தியாசம் உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் எங்கே பிறக்கிறது என்பதில்தான் நாம் ஏமாந்து போகிறோம்.

ஹெட்போன் சங்கிலியின் கடைசிக் கண்ணி. அதற்கு முன்னால் பாட்டு எப்படி நம்மிடம் வந்து சேருகிறது என்று பாருங்கள். குறுந்தகட்டில் ஒரு வினாடிக்கு 1,411 கிலோபிட் தகவல் இருக்கிறது. 2000களில் பேருந்து நிலையங்களில் "ஒரே தட்டில் 150 பாட்டு" என்று கூவி விற்றார்களே, அந்த எம்பி3 தட்டுகளில் பெரும்பாலும் இருந்தது 128 கிலோபிட். பதினொன்றில் ஒரு பங்கு! அப்படிச் சுருக்கினால்தான் 700 மெகாபைட் தட்டில் 12 மணி நேரப் பாட்டு அடங்கும். மனிதக் காது கவனிக்காத பகுதிகளைப் பார்த்துப் பார்த்து நீக்குவதால், ஒழுங்காகச் சுருக்கிய பாட்டு மோசமாக இருப்பதில்லை. ஆனால் அதை ஒருவர் மற்றவருக்கு அனுப்பி, அவர் மீண்டும் சுருக்கி, வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்த பாட்டை எட்டாயிரம் ரூபாய் ஹெட்போனில் கேட்டால் என்ன கிடைக்கும்? அதன் குறைகள் இன்னும் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான். எனவே முதலில் நல்ல பதிவைத் தேடுங்கள். பாட்டுச் செயலியின் அமைப்புகளில் ஒலித்தரம் 'குறைவு' என்று இருக்கிறதா என்று பாருங்கள். டேட்டாவை மிச்சப்படுத்த யாரோ மாற்றி வைத்திருப்பார்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

அடுத்தது பழைய ஹெட்போனின் காதுமெத்தை. இதைப் பெரும்பாலோர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. காதைச் சுற்றி மெத்தை இடைவெளியின்றி உட்கார்ந்தால்தான் தாழ்ந்த ஒலிகள், அதாவது மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிட்டாரும், முழுமையாகக் கேட்கும். சிறிய இடைவெளி இருந்தாலும் அவை கசிந்து போய்விடும். நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் அந்தச் செயற்கைத் தோல் இரண்டு மூன்று ஆண்டுகளில் உரிந்து கறுப்புத் துகளாகக் கொட்டுகிறது. மூக்குக்கண்ணாடியின் காம்பும் இடைவெளி உண்டாக்கும். "முன்பு போல் கேட்கவில்லை, மாற்ற வேண்டும்" என்று சொல்பவர்களில் சிலருக்கு, சில நூறு ரூபாயில் புது மெத்தை மாட்டினாலே போதும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் குறை தெரிகிறது என்றால், அப்போது விலையைப் பற்றிப் பேசலாம். விலை கூடினால் ஒலியும் கூடுமா? 2017ஆம் ஆண்டில் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்த முடிவுகளை வெளியிட்டார். தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை எதை எவ்வளவு அழுத்தமாகத் தருகிறது என்ற அளவுக்கும் கடை விலைக்கும் தொடர்பு எதுவும் காணப்படவில்லை. விலை உயர உயரக் கட்டுமானம், தலையில் உட்காரும் சுகம், கம்பியில்லாத வசதி, பெயர் ஆகியவை கூடுகின்றன. ஒலி கூடலாம், கூடாமலும் போகலாம். இன்னொன்றும் கவனியுங்கள். சோனி நிறுவனத்தின் எம்டிஆர் 7506 என்ற ஹெட்போன் 1991இல் வந்தது. ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படும் அது இன்றும் விற்பனையில் இருக்கிறது. கைப்பேசியைப் போல ஆண்டுதோறும் மாற்ற வேண்டிய பொருள் அல்ல ஹெட்போன். விளம்பரக்காரர்களுக்கு இது பிடிக்காது!

என்றாலும் ஆயிரம் ரூபாய்ப் பொருளிலிருந்து நன்றாகத் தேர்ந்த ஐந்தாயிரம், எட்டாயிரம் ரூபாய்ப் பொருளுக்குப் போகும்போது பலர் உண்மையான முன்னேற்றத்தை உணர்கிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் பணம் வேகமாகவும் ஒலி மெதுவாகவும் ஏறுகின்றன.

வாங்குவது என்று முடிவு செய்தால் எந்த வகை என்பதை உங்கள் வீடுதான் தீர்மானிக்க வேண்டும். பின்புறம் மூடிய வகை உண்டு, திறந்த வகையும் உண்டு. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968இல் திறந்த வகையை அறிமுகப்படுத்தியது. அதில் காற்று புகும், காது புழுங்காது, இசை விசாலமாகக் கேட்கும். ஆனால் மின்விசிறிச் சத்தமும், தெருவில் கட்டிய ஒலிபெருக்கியும், நெடுஞ்சாலைப் பேருந்தின் ஹாரனும் அப்படியே உள்ளே வரும். உங்கள் பாட்டும் வெளியே கசிந்து, பக்கத்தில் படிக்கும் பிள்ளைக்குக் கேட்கும். மூடிய வகையில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அடுக்களையிலிருந்து அம்மா கூப்பிடுவதும் கேட்காது. படுத்திருக்கும் பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால், இந்த ஒரு காரணத்துக்காகவே நான் திறந்த வகையைச் சொல்வேன்.

ஓம் என்ற அளவையும் பெட்டியில் பாருங்கள். 32 ஓம் அளவில் உள்ளவை பெரும்பாலும் கைப்பேசியிலேயே போதிய சத்தம் தரும். 250, 300 ஓம் என்றால் தனியாக ஒரு ஆம்ப்ளிஃபையர் தேவைப்படலாம். எட்டாயிரம் என்று கிளம்பியவர் பதினைந்தாயிரத்தில் வந்து நிற்பது இப்படித்தான். மேலும் இன்று பல கைப்பேசிகளில் ஒயர் செருகும் துளையே இல்லை. அதற்கு ஒரு இணைப்பு வாங்க வேண்டும்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது ஒரு தந்திரத்தை அறிந்திருங்கள். இரண்டில் எது சற்று உரக்க ஒலிக்கிறதோ அதுதான் நல்லது என்று நம் காது சொல்லும். எனவே இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். கடைக்காரர் போடும் பாட்டை விட்டுவிட்டு, உங்களுக்கு மனப்பாடமான பாட்டைப் போடச் சொல்லுங்கள். 1978இல் வந்த 'பிரியா' படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. நம் வயதுக்காரர்களுக்கு அவை போதும். திருநாவலூரில் இப்படிப் போட்டுப் பார்க்க வசதி இல்லை என்பது உண்மை. சென்னை ரிச்சி தெருவுக்குப் போகும் உறவினர் உதவலாம். இணையத்தில் வாங்கினால் பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முன்பே படித்துவிடுங்கள். பழுதானால் மாற்றித் தருவது வேறு, பிடிக்கவில்லை என்று திருப்புவது வேறு.

இனி எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது. உட்செவியில் ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள் பிறக்கும்போது ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 இருக்கின்றன. அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் தந்துள்ள அளவு இது: 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். சிறுவர்களுக்கு அளவு 75 டெசிபல். மலிவான ஹெட்போனில் தெளிவு இல்லாததால் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் கேட்கும் பிள்ளைக்கு, வெளிச் சத்தத்தைத் தடுக்கும் நல்ல ஹெட்போன் வாங்கித் தருவது செலவுக்கு ஏற்ற பயனுள்ள காரியம். பாட்டுக்காக மட்டும் சொல்லவில்லை, அவன் காதுக்காகச் சொல்கிறேன். கைப்பேசியிலேயே சத்தத்துக்கு வரம்பு வைக்கும் வசதி பலவற்றில் உண்டு. பெட்டியைப் பிரித்த அன்றே அதைப் போட்டுவிடுங்கள்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் சங்கதி வேறு. வயது ஏற ஏற உயர்ந்த ஒலிகள் முதலில் மறைகின்றன. வயலினின் மினுமினுப்பும், பேச்சில் ஸ, ஷ போன்ற ஓசைகளும் மங்குகின்றன. அதை ஹெட்போனின் குறை என்று நினைத்து ஒன்றை மாற்றி இன்னொன்று வாங்கிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கிறோம். டி.வி. சத்தத்தையும் நீங்கள்தான் வீட்டில் கூட்டிக்கொண்டே போகிறீர்கள் என்றால், ஹெட்போன் கடைக்கு முன் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய் வாருங்கள். கேட்கும் திறனை அளந்து பார்த்த பிறகு எட்டாயிரம் ரூபாயை எதில் போடுவது என்று வீட்டில் பேசலாம்.