விசா விலக்கும் மின்னணுப் பயண அனுமதியும்

கல்வி, வணிகம், வேலைவாய்ப்பு, உறவு, வழிபாடு எனப் பல நோக்கங்களுக்காக மனிதன் நாடுவிட்டு நாடு செல்கின்றான். அவ்வாறு செல்வோரிடம் கடவுச்சீட்டும், விசா எனப்படும் நுழைவிசைவும் கேட்கப்படுவதை நாம் அறிவோம். ஆனால், விசாவிலிருந்து விலக்குப் பெற்ற நாட்டினரும் இன்று பல நாடுகளுக்குச் செல்லும் முன்னர்க் கணினி வழியாக ஓர் அனுமதியைப் பெற்றாக வேண்டும் என்பதை அறிந்தோர் குறைவு. "எங்கள் நாட்டினருக்கு அங்கே விசா வேண்டியதில்லை" என்ற நம்பிக்கையுடன் விமான நிலையம் சென்றவர், பயணச்சீட்டு கையிலிருந்தும் விமானத்தில் ஏற்றப்படாமல் திரும்ப நேரிடலாம். எனவே மின்னணுப் பயண அனுமதி என்பது யாது, அஃது ஏன் தோன்றியது, எவ்வாறு இயங்குகின்றது, யாருக்குத் தேவை என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மூன்று ஆவணங்கள்

கடவுச்சீட்டு என்பது ஒருவர் இன்ன நாட்டின் குடிமகன் என்று அவருடைய சொந்த அரசு வழங்கும் சான்றாகும். விசா என்பது அவர் செல்லவிருக்கும் நாட்டின் அரசு, விண்ணப்பத்தையும் ஆவணங்களையும் ஆராய்ந்து, பெரும்பாலும் தூதரகத்தின் வாயிலாக வழங்கும் இசைவாகும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது மின்னணுப் பயண அனுமதி. விசா தேவைப்படாத நாட்டினர் ஒருவர் விமானமோ கப்பலோ ஏறுவதற்கு முன்னர், அவருடைய விவரங்களைப் பெற்றுச் சரிபார்த்து, "இவர் புறப்படலாம்" என்று செல்லும் நாட்டின் அரசு அளிக்கும் ஒப்புதலே அது. தூதரகத்தில் நேர்காணல் இல்லை. கடவுச்சீட்டில் முத்திரையும் இல்லை. கடவுச்சீட்டு எண்ணுடன் இணைக்கப்பட்டு, அந்நாட்டின் கணினியில் அது பதிவாகியிருக்கும்.

பண்டைய வழக்கம்

எல்லையைக் கடக்க முன்அனுமதி கேட்பது இக்காலத்தார் கண்டுபிடித்த வழக்கமன்று. உலகப் பயணி இப்னு பதூதா 1326ஆம் ஆண்டில் எகிப்திலிருந்து சிரியாவிற்குச் சென்றபோது, வழியில் கத்யா என்னும் சோதனைச் சாவடியைக் கண்டார். எகிப்து அரசின் அனுமதிச் சீட்டின்றி எவரும் சிரியாவிற்குள் செல்ல இயலாது. சிரியாவிலிருந்து சீட்டின்றி எவரும் எகிப்திற்குள் வரவும் இயலாது. இரவில் பாலை மணலைச் சமன்செய்து வைத்து, மறுநாள் காலையில் அதில் காலடித் தடம் உள்ளதா என்று பார்ப்பார்களாம். மக்களின் பொருளைக் காப்பதும், ஒற்றர்களைத் தடுப்பதும் இந்த ஏற்பாட்டின் நோக்கங்கள் என்று அவர் தம் பயண நூலில் குறிப்பிடுகின்றார். நாட்டின் பாதுகாப்பு என்று இன்றைய அரசுகள் கூறும் காரணமும் ஏறத்தாழ இதுவேயாகும்.

1914இல் தொடங்கிய முதல் உலகப் போருக்குப் பின்னர்க் கடவுச்சீட்டு முறை உலகெங்கும் நிலைபெற்றது. 1920இல் பாரிஸ் நகரில் கூடிய மாநாடு, கடவுச்சீட்டு எவ்வடிவில் இருக்க வேண்டும் என்பதற்கான பொது நெறிகளை வகுத்தது. பின்னர் விமானப் பயணம் பெருகவே, ஒவ்வொரு பயணியையும் தூதரகத்திற்கு வரவழைத்து விசா வழங்குவது அரசுகளுக்குப் பெருஞ்சுமையாயிற்று. நட்பு நாட்டினருக்கும், தங்கிவிடாமல் திரும்புவோர் எனக் கருதப்பட்ட நாட்டினருக்கும் விசா விலக்கு அளிக்கும் வழக்கம் அதனால் பரவியது.

மின்னணு முறையின் தோற்றம்

இத்துறையில் முன்னோடி ஆஸ்திரேலியா ஆகும். அந்நாடு 1996இல் மின்னணுப் பயண அனுமதியை நடைமுறைப்படுத்தியது. 2000ஆம் ஆண்டின் சிட்னி ஒலிம்பிக் போட்டிகளுக்குத் திரளாக வரவிருந்த பயணிகளைக் காகிதமின்றிக் கையாள அம்முறை பெரிதும் உதவிற்று. அங்கே இது பயணியின் வசதிக்காக எழுந்தது எனலாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ இது பாதுகாப்புக் கருதி எழுந்தது. 1986ஆம் ஆண்டின் சட்டத்தால் அந்நாடு விசா விலக்குத் திட்டத்தைச் சோதனை முறையில் தோற்றுவித்தது; 2000ஆம் ஆண்டில் அது நிலையான திட்டமாயிற்று. 2001 செப்டம்பர் 11ஆம் நாள் நிகழ்ந்த தாக்குதல்களுக்குப் பின்னர், விசா இல்லாமல் வருவோர் யாவர் என்பது அவர்கள் வந்திறங்கிய பின்னரே தெரிகின்றதே என்ற கவலை எழுந்தது. அதன் விளைவாக 2007இல் சட்டம் இயற்றப்பட்டு, எஸ்டா எனப்படும் மின்னணு அனுமதி 2009 ஜனவரி 12 முதல் கட்டாயமாக்கப்பட்டது.

அமெரிக்கா காட்டிய வழியிலேயே பிற நாடுகளும் சென்றன. கனடா 2016லும், நியூசிலாந்து 2019 அக்டோபரிலும், தென்கொரியா 2021லும் இம்முறையை ஏற்றன. பிரிட்டன் 2023 நவம்பரில் கத்தார் நாட்டினரிடமிருந்து தொடங்கி, 2025 ஜனவரி 8 முதல் ஐரோப்பியர் அல்லாத விசா விலக்குப் பெற்றோர் அனைவருக்கும், 2025 ஏப்ரல் 2 முதல் ஐரோப்பியர்களுக்கும் இதை விரிவுபடுத்தியது. அயர்லாந்துக் குடிமக்களுக்கு மட்டும் விலக்களித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2018லேயே எட்டியாஸ் என்ற பெயரில் இதற்கான சட்டத்தை இயற்றியது. பன்முறை ஒத்திவைக்கப்பட்ட அத்திட்டம் 2026ஆம் ஆண்டின் இறுதிக் காலாண்டில் தொடங்கும் என அறிவிக்கப்பட்டது.

இயங்கும் முறை

விண்ணப்பிப்பவர் பெயர், பிறந்த நாள், கடவுச்சீட்டு எண், முகவரி முதலியவற்றைத் தருகின்றார். குற்றத் தண்டனை உண்டா, முன்னர் எந்த நாடேனும் நுழைவு மறுத்ததுண்டா என்பன போன்ற வினாக்களுக்கும் விடையளிக்கின்றார். அவ்விவரங்கள் தேடப்படுவோர் பட்டியல், தொலைந்த கடவுச்சீட்டுகளின் பட்டியல், பழைய குடியேற்றப் பதிவுகள் ஆகியவற்றுடன் கணினியால் ஒப்பிடப்படுகின்றன. ஐயம் எதுவும் எழாவிடின் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே ஒப்புதல் கிடைத்துவிடுகின்றது. ஐயம் எழுந்தால் அலுவலர் ஒருவர் ஆராய்வார். பயணத்திற்குக் குறைந்தது 72 மணி நேரத்திற்கு முன்னர் விண்ணப்பிக்குமாறு அமெரிக்க அரசு அறிவுறுத்துவது இதனால்தான்.

இதில் விமான நிறுவனத்தின் பங்கு முதன்மையானது. உரிய அனுமதியில்லாதவரை ஏற்றிச் சென்றால் அந்நிறுவனம் தண்டத்தொகை செலுத்தவும், அவரைத் திருப்பி அழைத்துச் செல்லவும் நேரிடும். ஆதலால் பயணி தம் ஊர் விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும்போதே அவருடைய அனுமதி சரிபார்க்கப்படுகின்றது. நியூயார்க்கிலும் லண்டனிலும் இருந்த எல்லைச் சாவடி, இவ்வாறு சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திற்கும் கோலாலம்பூர் விமான நிலையத்திற்கும் நகர்ந்து வந்துவிட்டது என்றே கூறலாம்.

நாட்டுக்கு நாடு வேறுபாடு

அமெரிக்காவின் எஸ்டா இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். ஒரு முறைக்கு 90 நாட்கள் வரை தங்கலாம். 2010இல் 14 டாலராக இருந்த கட்டணம் 2022இல் 21 டாலராகவும், 2025 செப்டம்பர் 30 முதல் 40 டாலராகவும் உயர்த்தப்பட்டது. கனடாவின் அனுமதிக்குக் கட்டணம் 7 கனடிய டாலர். அது ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். விமானத்தில் வருவோருக்கு மட்டுமே தேவை. பிரிட்டனின் அனுமதி இரண்டு ஆண்டுகளுக்குரியது. கட்டணம் 10 பவுண்டில் தொடங்கி 2025 ஏப்ரலில் 16 பவுண்டாக உயர்ந்தது. ஐரோப்பிய அனுமதி மூன்று ஆண்டுகளுக்குரியதாக அமையும். அதற்கு 20 யூரோ கட்டணம் அறிவிக்கப்பட்டது. இவை எல்லாவற்றிற்கும் பொதுவான விதி ஒன்றுண்டு. கடவுச்சீட்டுக் காலாவதியானால் அனுமதியும் அதனுடன் முடிந்துவிடும். புதிய கடவுச்சீட்டு பெற்றவர் புதிதாக அனுமதியும் பெறவேண்டும்.

விமானம் மாறுவதற்காக மட்டும் அமெரிக்காவிலோ கனடாவிலோ இறங்குவோருக்கும் இவ்வனுமதி தேவைப்படும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

யாருக்குத் தேவை?

அனுமதியா விசாவா என்பதை முடிவு செய்வது ஒருவர் வைத்திருக்கும் கடவுச்சீட்டேயன்றி, அவர் வாழும் ஊரோ பேசும் மொழியோ அன்று. நம் மக்களிடையே ஒரே குடும்பத்தின் கிளைகள் பல நாடுகளில் வேரூன்றியிருப்பது இயல்பு. ஒரு பாட்டனாரின் பேரர் மூவருள் ஒருவர் இந்தியக் குடிமகன், ஒருவர் மலேசியக் குடிமகன், மற்றவர் சிங்கப்பூர்க் குடிமகன் எனக் கொள்வோம். மூவரும் சிறு பயணமாக லண்டன் செல்ல விரும்பினால் மலேசியருக்கும் சிங்கப்பூரருக்கும் மின்னணு அனுமதி போதும்; இந்தியர் விசா பெறவேண்டும். அமெரிக்கா செல்வதாயின் சிங்கப்பூரருக்கு மட்டுமே எஸ்டா போதும். மலேசியரும் இந்தியரும் விசா பெற்றாக வேண்டும். கனடாவிலும் சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கு விசா விலக்குண்டு. இந்தியக் கடவுச்சீட்டுக்கு இல்லை. வளைகுடா நாடுகளில் முப்பது ஆண்டுகள் பணியாற்றியவரேயாயினும், அவரிடம் உள்ளது இந்தியக் கடவுச்சீட்டாயின் அவர் இந்தியராகவே கருதப்படுவார். "உங்களுக்கு எஸ்டா வாங்கித் தருகிறோம்" என்று இந்தியக் கடவுச்சீட்டு உடையவரிடம் எவரேனும் பணம் கேட்டால், அது பொய் என்று ஐயமின்றிக் கொள்ளலாம்.

ஆயினும் இந்தியர்களுக்கும் இம்முறை முற்றிலும் அயலானதன்று. அண்டை நாடாகிய இலங்கை 2012 ஜனவரி முதல் மின்னணுப் பயண அனுமதி முறையைக் கைக்கொண்டது. தமிழகத்திலிருந்து செல்வோர் இதனை நன்கறிவர். கென்யா 2024 ஜனவரியில் விசாவை நீக்கிவிட்டதாக அறிவித்தது. ஆனால் அதனிடத்தில் 30 டாலர் கட்டணத்துடன் மின்னணு அனுமதியைக் கொண்டுவந்தது. பெயர் நீங்கினும் பணி நீங்கவில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு விசா விலக்களித்தது. எனினும் சென்றடைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் கணினி வழி வருகை அட்டையை நிரப்பவேண்டும். இது கட்டணமில்லாதது. இவ்வட்டை ஓர் அறிவிப்பேயன்றி அனுமதியன்று. இவ்வேறுபாட்டை அறியாமல் இடைத்தரகர்களிடம் பணம் இழப்போர் உளர்.

பெயரும் எண்ணும்

விண்ணப்பத்தில் உள்ள விவரங்கள் கடவுச்சீட்டில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். தமிழ் மக்களுக்கு இதில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. நம்மிடையே குடும்பப் பெயர் வழக்கம் பரவலாக இல்லை. தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக இடுவதே மரபு. ஒரு சான்றிதழில் தலைப்பெழுத்தாகவும், மற்றொன்றில் விரித்தெழுதிய பெயராகவும், கடவுச்சீட்டில் வேறு வரிசையிலும் அது அமைந்துவிடுகின்றது. முகம்மது என்னும் ஒரு பெயரையே ஆங்கில எழுத்தில் பலவாறாக எழுதுகின்றோம். மனிதர் படித்தால் ஒன்றெனக் கொள்வார். கணினிக்கோ அவை வெவ்வேறு பெயர்களாகும். பூச்சியம் என்னும் எண்ணையும் ஆங்கில 'ஓ' என்னும் எழுத்தையும் மாற்றி எழுதுவதும் அடிக்கடி நேரும் பிழையே. கடவுச்சீட்டு எண் தவறாயின், கிடைத்த அனுமதி அந்தக் கடவுச்சீட்டுக்குரியதாகாது.

அரசின் இணையதளத்தைப் போன்றே தோற்றமளித்து, உரிய கட்டணத்தினும் பன்மடங்கு வாங்கும் தனியார் தளங்களும் பல உள்ளன. அந்தந்த நாட்டு அரசின் தளத்திலோ செயலியிலோ மட்டுமே விண்ணப்பிப்பது பாதுகாப்பானது.

சலுகையா? உரிமையா?

இம்முறையின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. தூதரகத்திற்கு அலையும் துன்பம் குறைகின்றது; திருடப்பட்ட கடவுச்சீட்டுடன் வருவோர் தடுக்கப்படுகின்றனர். எனினும் இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். அனுமதி பெற்றவருக்கும் நுழைவு உறுதியன்று. இறுதி முடிவு எல்லை அலுவலருடையதே. அமெரிக்காவிற்கு விசா விலக்கில் செல்பவர், அவ்வலுவலரின் முடிவை எதிர்த்து முறையிடும் உரிமையைப் பெரும்பாலும் துறந்தே செல்கின்றார். எஸ்டாவோ பிரிட்டனின் அனுமதியோ மறுக்கப்பட்டால் மேல்முறையீடு இல்லை. விசாவிற்கு விண்ணப்பிப்பதொன்றே வழி.

2015 டிசம்பரில் அமெரிக்கா இயற்றிய சட்டம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும். 2011 மார்ச் 1ஆம் நாளுக்குப் பின்னர் ஈரான், இராக், சிரியா, சூடான் முதலிய குறிப்பிட்ட நாடுகளுக்குச் சென்றவர், விசா விலக்குப் பெற்ற நாட்டின் குடிமகனாயினும், எஸ்டா பெறும் தகுதியை இழப்பார். பின்னர் லிபியா, சோமாலியா, ஏமன், வடகொரியா, கியூபா ஆகியவையும் அப்பட்டியலில் சேர்ந்தன. அரசுப் பணியாகவும் படைப்பணியாகவும் சென்றோருக்கு விலக்குண்டு. செய்தியாளர், அறப்பணியாளர் போன்றோருக்குத் தனித்தனியே ஆராய்ந்து விலக்களிக்கவும் இடமுண்டு. உறவினரைக் காணவோ, புனிதத் தலங்களைத் தரிசிக்கவோ சென்றவருக்கு அவ்வாறு இல்லை. அவர் அமெரிக்கா செல்லவே கூடாது என்பதன்று. நேர்காணலுடன் விசா பெற்றுச் செல்லவேண்டும். அந்நாடுகளுள் சிலவற்றின் குடியுரிமையைத் தந்தை வழியாகப் பிறப்பிலேயே பெற்றவருக்கும் இந்நிலை பொருந்தும் என்பது சிந்திக்கத்தக்கது. தாம் செய்யாத ஒன்றிற்காக, பிறந்த குடியையும் சென்ற ஊரையும் கொண்டு ஒருவர் தனியே பிரித்து வைக்கப்படுகின்றார்.

எனவே விசா விலக்கு என்பது ஓர் அரசு விரும்பி அளிக்கும் சலுகையே; விரும்பியபோது திரும்பப் பெறவும்படும். ஜோர்தான் நாட்டினருக்கு 2024 பிப்ரவரியில் மின்னணு அனுமதியை அளித்த பிரிட்டன், அதே ஆண்டு செப்டம்பரில் அதனை நீக்கி, மீண்டும் விசாவைக் கட்டாயமாக்கியதை நாம் கண்டோம்.

முடிவுரை

அறியாமையால் வரும் இழப்பு அறிவால் தவிர்க்கத்தக்கது. பயணம் மேற்கொள்வோர் முதலில் தம் கடவுச்சீட்டுக்குரிய விதி யாது எனச் செல்லும் நாட்டின் அரசு அறிவிப்பைப் பார்த்து அறியவேண்டும். பிறர் சென்று வந்த செய்தியை நம்பிப் புறப்படலாகாது. வினாக்களுக்கு உண்மையே உரைக்க வேண்டும். இன்று மறைத்த ஒன்று பின்னாளில் விசாவிற்கும் தடையாகும். உயர்கல்விக்குச் செல்ல விழையும் மாணவர்கள், பார்வையாளருக்குரிய இவ்வனுமதியைக் கொண்டு பட்டப்படிப்பில் சேர இயலாது என்பதை உணர்ந்து, மாணவர் விசாவிற்கே முயலவேண்டும். சான்றிதழ்களிலும் கடவுச்சீட்டிலும் பெயர் ஒரே வடிவில் அமைய இப்போதே ஆவன செய்துகொள்வது, பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஆற்றக்கூடிய பேருதவியாகும்.