மிதிவண்டிக்கும் அளவெடுக்க வேண்டும்

அம்பத்தூர்வாசிக்கு மிதிவண்டி புதுமையான பொருள் அன்று. முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் இணைந்து 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் இவ்வூரில்தான் வேரூன்றியது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்கள் எங்கள் தலைமுறைக்கு வீட்டுப் பெயர்கள். ஆயினும், அறுபதைக் கடந்தபின் கியர் இல்லாத சாலை மிதிவண்டி ஒன்றை வாங்கி, சி.டி.எச். சாலையில் ஆவடி வரை சென்று திரும்பிய முதல் நாளில்தான், கடையிலிருந்து வரும் புது வண்டி முழுமை பெறாத பண்டம் என்பதை என் முழங்கால் எனக்கு உணர்த்தியது.

கடைக்காரர் என் இரு பாதங்களும் தரையில் நன்றாக ஊன்றும்படி சீட்டைத் தாழ்த்திக் கொடுத்திருந்தார். நிற்பதற்கு அது வசதி, ஓட்டுவதற்குக் கேடு. சீட் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது. பளு முழுவதும் முழங்கால் சில்லின்மேல் விழுகிறது. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது சிறு மடிப்பு எஞ்சும். இதுவே எளிய அளவு. நான் அரை அங்குலம் அரை அங்குலமாக உயர்த்தினேன். (சீட் குழாயில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியக் கூடாது.) வலி ஒரு வாரத்தில் அகன்றது.

அடுத்தது பல்சக்கரக் கணக்கு. என் வண்டியில் முன்னே 44 பற்கள், பின்னே 16. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர், ஆகவே ஒரு மிதிக்கு வண்டி 5.8 மீட்டர் நகரும். இளைஞர்களுக்கு அது சரி. பாடி மேம்பாலத்து ஏற்றத்திலோ, மாலையில் ஆவடியிலிருந்து கிழக்கே திரும்புகையில் எதிரே வீசும் கடற்காற்றிலோ எனக்கு மூச்சு முட்டியது. கியர் உள்ள வண்டியில் விசையைத் தட்டினால் போதும். இங்கே ஒருமுறை எடுத்த முடிவு எல்லாச் சாலைக்கும் பொருந்தியாக வேண்டும். பின்னே 18 பற்கள் உள்ள ஃப்ரீவீலை மாற்றினேன். ஒரு மிதிக்கு 5.1 மீட்டர்தான்; ஆனால் மிதிக்கும் விசையில் ஒன்பதில் ஒரு பங்கு குறைந்தது. நிமிடத்துக்கு அறுபது மிதி என்றாலும் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் கிடைக்கிறது. காலை நேரத்து அம்பத்தூர் நெரிசலில் கார்களுக்கே அவ்வேகம் வாய்ப்பதில்லை.

பல்சக்கரம் மாறினால் பின்சக்கரம் சற்று முன்னே நகரும். செயினின் தொய்வையும் பிரேக் கட்டை ரிம்மில் படும் இடத்தையும் மீண்டும் சரிசெய்ய வேண்டும். செயின் நடுவில் அரை அங்குலம் ஆடலாம். அதற்கு மேல் ஆடினால் கழலும், இறுகினால் தேயும். தவிர, முதல் சில வாரங்களில் பிரேக் கம்பி தளரும், ஸ்போக்குகள் இளகும், இடப்பக்கப் பெடல் தண்டும் தளரக்கூடும். புது வண்டியை இரண்டு வாரத்தில் மீண்டும் மெக்கானிக்கிடம் காட்டுவது, குழந்தைக்குத் தடுப்பூசியின் அடுத்த தவணை போடுவதைப் போன்றது. பலரும் அதைத் தவிர்க்கிறோம்.

வயதான எனக்குக் கடைக்குப் போக நேரமும் பணமும் உண்டு. தமிழ்நாட்டில் 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கிப் பின்னர் விரிவடைந்த விலையில்லா மிதிவண்டித் திட்டத்தில் வண்டி பெறும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நிலை அதுவன்று. உயரம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். வழங்கப்படுவதோ ஒரே அளவு வண்டி. வண்டிக்குச் செலவிடும் அரசு, வழங்கும் நாளிலும் அதற்கு இரண்டு வாரம் கழித்தும் ஊர் மெக்கானிக் ஒருவரைப் பள்ளி வளாகத்தில் உட்கார வைக்கக் கூலி கொடுத்தால் என்ன? வண்டி விலையோடு ஒப்பிட்டால் அது சொற்பம். அவருக்குத் தேவை இரண்டு ஸ்பானர், ஒரு காற்றடிக்கும் பம்ப், ஒரு மரநிழல்.